சந்தேகம் வந்துவிட்டால் ஜெபம் வீணாகிவிடுமா?

கேள்வி இதுதான்: "அம்மாவுக்குப் புற்றுநோய். தேவனால் குணமாக்க முடியும் என்று நம்பித்தான் ஜெபிக்கிறேன். ஆனாலும் ஒவ்வொரு ஸ்கேனுக்கு முன்னாலும் பயம் வந்துவிடுகிறது. சபையில் யாக்கோபு 1:6-ஐக் காட்டி, சந்தேகப்படுகிறவன் எதையும் பெறமாட்டான், ரிப்போர்ட்டைப் பார்க்காதே, வசனத்தைப் பார் என்கிறார்கள். என் சந்தேகத்தால் அம்மா குணமாகாமல் போய்விடுவார்களா?"

நேரடியாகவே சொல்லிவிடுகிறேன்: இல்லை. உங்கள் அம்மாவின் உயிர் உங்கள் மனதில் எத்தனை சதவீதம் நம்பிக்கை இருக்கிறது என்ற கணக்கில் தொங்கவில்லை. அப்படி ஒரு பாரத்தை வேதம் எந்தப் பிள்ளையின் தலையிலும் ஏற்றிவைக்கவில்லை. அதற்காக, தேவனுடைய வல்லமைக்கு முன்னால் எப்படி நின்றாலும் ஒன்றுதான் என்றும் அது சொல்லவில்லை. விசுவாசத்துக்கும் அவிசுவாசத்துக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. அந்த வித்தியாசம் பயம் வந்ததா வராததா என்பதைப் பொறுத்ததல்ல. பயம் வந்த பிறகு அதைத் தூக்கிக்கொண்டு எங்கே போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

இதைத் தெளிவாகப் பார்க்க 2 இராஜாக்கள் 6, 7 அதிகாரங்களைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. பொறுமையாக வாசியுங்கள், அம்மாவின் விஷயத்துக்கு வந்துவிடுவேன்.

சமாரியா வடக்கு இஸ்ரவேலின் தலைநகரம், மலைமேல் கட்டின ஊர். சீரியாவின் ராஜா பெனாதாத் அதை முற்றுகை போட்டுவிட்டான். உள்ளே பஞ்சம். ஒரு கழுதைத் தலை 80 வெள்ளிக்காசுக்கு விற்கிறது. கழுதை இஸ்ரவேலருக்கு விலக்கப்பட்ட மிருகம். அதன் தலையில் என்ன கறி இருந்துவிடப் போகிறது? அதற்கும் அந்த விலை. ராஜா மதில்மேல் நடந்துபோகும்போது ஒரு பெண் கூப்பிட்டு முறையிடுகிறாள். அவள் சொன்னதை இங்கே விவரிக்க எனக்கு மனம் வரவில்லை. தாய்மார் தங்கள் பிள்ளைகளையே தின்கிற நிலை வந்துவிட்டது. ராஜா வஸ்திரத்தைக் கிழிக்கிறான். உள்ளே சரீரத்தின்மேல் துக்கத்துக்கு உடுத்தும் இரட்டு என்ற முரட்டுத்துணியை உடுத்தியிருப்பதை ஜனங்கள் பார்க்கிறார்கள். அதுவரை அவன் ரகசியமாக உபவாசமும் வேண்டுதலுமாக இருந்திருக்கிறான் என்றுதான் நான் வாசிக்கிறேன். ஆனால் அந்த நிமிஷத்தில் அவனுக்குள் ஏதோ உடைந்துவிட்டது. தீர்க்கதரிசி எலிசாவின் தலையை எடுக்க ஆள் அனுப்புகிறான். "நான் இனிக் கர்த்தருக்காகக் காத்திருக்கவேண்டியது என்ன" என்ற வார்த்தை வருவது அந்தக் கட்டத்தில்தான்.

கவனியுங்கள், தேவனுடைய வாக்கு அதற்கு அடுத்த வசனத்திலேயே வருகிறது. நாளைக்கு இந்நேரம் சமாரியாவின் வாசலில் ஒரு மரக்கால் கோதுமை மாவு ஒரு சேக்கலுக்கு விற்கும் என்கிறார் எலிசா. ஊரார் விசுவாசத்தில் உறுதியாக நின்றதாக எழுதப்படவில்லை. ராஜாவே கைவிட்டுவிட்டான். அப்படிப்பட்ட ஊருக்குத்தான் அந்த நல்ல செய்தி சொல்லப்பட்டது.

ராஜாவுக்குக் கைலாகு கொடுக்கிற பிரதானி ஒருவன் பக்கத்தில் நிற்கிறான். "இதோ, கர்த்தர் வானத்திலே மதகுகளை உண்டாக்கினாலும் இப்படி நடக்குமா" என்கிறான். எலிசாவின் பதில்: "உன் கண்களினாலே அதைக் காண்பாய்; ஆனாலும் அதிலே சாப்பிடமாட்டாய்."

இந்தப் பிரதானியை முட்டாள் என்று பிரசங்கத்தில் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ராஜாவோடு இருக்கிறவனுக்குக் களஞ்சியத்தில் என்ன மிச்சம் என்று தெரிந்திருக்கும். வெளியே எத்தனை கூடாரம் என்பதும் மதில்மேல் நின்றால் தெரியும். அவனுடைய கணக்கில் பிழை இல்லை. பிழை அவன் முடிவில். தேவன் இதைச் செய்வதானால் வானத்தைத் திறந்து மாவைக் கொட்டவேண்டும், அதற்குமேல் வேறு வழியே இல்லை, அந்த வழியும் பத்தாது என்று அவனே எல்லை போட்டு அடைத்துவிட்டான். "எப்படி ஆண்டவரே?" என்று கேட்டிருந்தால் அது கேள்வி. அவன் கேட்கவில்லை, தீர்ப்புச் சொன்னான்.

வழி எங்கே இருந்தது பாருங்கள். மாவு ஏற்கெனவே மதிலுக்கு வெளியே, நடந்துபோகிற தூரத்தில், எதிரியின் கூடாரங்களில் மூட்டை மூட்டையாக இருந்தது. அன்று மாலை ஆண்டவர் சீரியரின் காதில் ரதங்களின் இரைச்சலையும் குதிரைகளின் இரைச்சலையும் கேட்கப்பண்ணினார். ஏத்தியரின் ராஜாக்களும் எகிப்தியரின் ராஜாக்களும் கூலிப்படையாக வருகிறார்கள் என்று பயந்து, குதிரை, கழுதை, கூடாரம் எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டு ஓடிவிட்டார்கள். வானத்தில் மதகு எதுவும் திறக்கவில்லை. ஒரு சத்தம், அவ்வளவுதான்.

அதை முதலில் கண்டது நாலு குஷ்டரோகிகள். அவர்களை விசுவாச வீரர்களாக்கிவிடாதீர்கள். வாக்குத்தத்தம் அவர்கள் காதுக்கு வந்ததாகவே எழுதப்படவில்லை. ஊருக்குள் போனாலும் சாவு, இங்கேயே உட்கார்ந்திருந்தாலும் சாவு, எதிரியிடம் போனால் ஒருவேளை பிழைக்கலாம் என்று எழுந்து போனார்கள். சாப்பிட்டது அவர்கள்தான்.

அப்புறம் வருகிற இடம்தான் உங்களுக்காக எழுதப்பட்டது போல எனக்குத் தெரிகிறது. இரவில் அவர்கள் சொன்ன செய்தி அரமனைக்கு வருகிறது. ராஜா நம்பவில்லை. நாம் பட்டினி என்று தெரிந்து ஒளிந்திருக்கிறார்கள், வெளியே வந்தால் பிடித்துக்கொள்வார்கள் என்கிறான். நியாயமான சந்தேகம். அப்போது பெயர் சொல்லப்படாத ஒரு ஊழியக்காரன் பேசுகிறான்: மீந்திருக்கிற குதிரைகளில் ஐந்தைக் கொண்டுபோய்ப் பார்த்துவரட்டுமே, இங்கே இருந்தாலும் இவைகளும் நம்மோடு சாகப்போகிறவைதானே. இரண்டு ரதக்குதிரைகளோடு ஆட்கள் போகிறார்கள். யோர்தான் மட்டும் வழியெல்லாம் சீரியர் அவசரத்தில் எறிந்துபோன துணிகளும் தட்டுமுட்டுகளும் கிடக்கின்றன. திரும்பிவந்து சொன்ன பிறகுதான் ஊர் வாசல் திறந்தது. ஒரு மரக்கால் மாவு ஒரு சேக்கல், சொன்னபடியே. அந்தப் பிரதானியை ராஜா வாசலில் காவலுக்கு நிறுத்தியிருந்தான். ஜனங்கள் நெருக்கியடித்து ஓடியதில் மிதிபட்டு அங்கேயே இறந்தான்.

குதிரைகளை அனுப்பிப் பார்த்தது அவிசுவாசம் என்று அந்த அதிகாரத்தில் யாரும் கண்டிக்கவில்லை. பார்த்துவரப் போன ஆட்களால்தான் ஊர் சாப்பிட்டது. சரிபார்ப்பது வேறு, இகழ்ந்து தள்ளுவது வேறு. ஸ்கேன் ரிப்போர்ட் வாங்கப் போகிற நீங்கள் அந்தப் பிரதானி அல்ல. குதிரையோடு புறப்பட்ட ஆள் நீங்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். பிரதானியின் அவிசுவாசம் மாவின் விலையை ஒரு காசுகூட ஏற்றவில்லை. தேவன் சொன்னது சொன்ன நேரத்தில் நடந்தது. அவன் இழந்தது தன் பங்கை மட்டும்தான்.

யோவான்ஸ்நானகனின் தகப்பன் சகரியாவின் காரியமும் இப்படியே. தேவாலயத்தில் தூபம் காட்டுகிற ஆசாரியன், பலிபீடத்தின் வலதுபக்கத்தில் தூதன் நிற்கிறான், உன் வேண்டுதல் கேட்கப்பட்டது, பிள்ளை பிறக்கும் என்கிறான். இவரோ "இதை நான் எதினால் அறிவேன்" என்று அத்தாட்சி கேட்கிறார். பேச்சு போய்விட்டது. ஆனால் பிள்ளை போகவில்லையே! மனைவி எலிசபெத் கர்ப்பமானாள், யோவான் பிறந்தான். எட்டாம் நாள் எழுத்துப் பலகையை வாங்கி "இவன் பேர் யோவான்" என்று அவர் எழுதியவுடன் நாவும் கட்டவிழ்ந்தது. சகரியாவின் சந்தேகம் அவருடைய மகிழ்ச்சியை மாதக்கணக்கில் வாயடைத்து வைத்தது, உண்மைதான். ஜெபத்தின் பதிலை அது தடுக்கவில்லை. யாராவது உங்களிடம் "உன் சந்தேகத்தால் அம்மாவின் சுகம் தடைபடும்" என்று சொன்னால், லூக்கா முதலாம் அதிகாரத்தைத் திறந்து அவர்களோடு உட்கார்ந்து வாசியுங்கள்.

அதே அதிகாரத்தில் மரியாளும் "இது எப்படியாகும்?" என்று கேட்டாள். தூதன் கோபப்படவில்லை, விளக்கம் சொன்னான். அவளும் கேட்டுவிட்டு விலகிப்போகவில்லை, "உம்முடைய வார்த்தையின்படி எனக்கு ஆகக்கடவது" என்று தன்னைக் கொடுத்துவிட்டாள். விசுவாசம் கேள்வி கேட்கும். கேட்ட பிறகு பதிலுக்கு அங்கேயே நிற்கும்.

சரி, யாக்கோபு. உங்களைப் பயமுறுத்துகிற ஆறாம் வசனத்துக்கு முன்னால் ஐந்தாம் வசனம் இருக்கிறது. அங்கே பேச்சு சுகத்தைப் பற்றியே இல்லை, சோதனைக் காலத்தில் ஞானம் கேட்பதைப் பற்றி. கொடுக்கிறவர் எப்படிப்பட்டவர் என்றும் அங்கே எழுதியிருக்கிறது: யாவருக்கும் சம்பூரணமாய்க் கொடுக்கிறவர், ஒருவரையும் கடிந்துகொள்ளாதவர். இப்படிச் சொன்ன யாக்கோபு, மறுவரியிலேயே பயந்து நடுங்குகிற ஒரு பிள்ளையைக் கடிந்து விரட்டுவாரா? அலைபோல அடிபடுகிறவன் என்று அவர் சொல்வது இருமனமுள்ளவனை. அவன் யார் என்று நாலாம் அதிகாரத்தில் மறுபடியும் வருகிறது. உலகத்தோடும் சிநேகம் வேண்டும், தேவனும் வேண்டும் என்று இரண்டு பக்கமும் கால் வைத்திருக்கிறவனைத்தான் அங்கே கண்டிக்கிறார். ஆஸ்பத்திரி நடைக்கூடத்தில் கை நடுங்க உட்கார்ந்து "அப்பா, அம்மாவைக் காப்பாற்றும்" என்று கேட்கிற உங்களுக்கு ஒரே மனம்தான். அது பயந்துபோன மனம். பயந்த மனமும் இரண்டாய்ப் பிரிந்த மனமும் ஒன்றல்ல.

உங்களுக்கு மிக நெருக்கமான ஆள் மாற்கு 9-ல் இருக்கிறார். சிறுவயது முதல் வலிப்பு வந்து தீயிலும் தண்ணீரிலும் விழுகிற மகனை வைத்திருக்கும் தகப்பன். மகனைச் சீஷர்களிடம் கொண்டுவந்தார், அவர்களால் முடியவில்லை. சுற்றிலும் கூட்டம், வேதபாரகர் தர்க்கம் பண்ணிக்கொண்டிருக்கிறார்கள். தர்க்கத்தின் நடுவில் மகன் இருக்கிறபடியே இருக்கிறான். அந்த நேரத்தில் இயேசு வருகிறார். "நீர் ஏதாகிலும் செய்யக்கூடுமானால்" என்று ஆரம்பிக்கிறார் அந்த மனிதர். வருஷக்கணக்காக ஏமாந்த ஒருவருடைய வாயில் வேறு என்ன வார்த்தை வரும்? இயேசு அந்தச் சந்தேகத்தைக் கண்டுகொள்ளாமல் விடவில்லை. விசுவாசிக்கிறவனுக்கு எல்லாம் கூடும் என்று அதைத் தொட்டுப் பேசினார். அப்போது அவர் கண்ணீரோடு சத்தமிட்டுச் சொன்னது: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்."

அந்த ஜெபத்தில் அவிசுவாசம் ஒளித்துவைக்கப்படவில்லை. அதுவும் நோயைப் போலவே குணமாக்கப்படவேண்டிய ஒன்றாக அதே ஆண்டவர் முன்னால் வைக்கப்பட்டது. இயேசு "முதலில் அதைச் சரிசெய்துகொண்டு வா" என்று திருப்பி அனுப்பவில்லை. பையனைக் கைபிடித்துத் தூக்கினார். பிற்பாடு சீஷர்கள் தனியாக வந்து எங்களால் ஏன் கூடாமற்போயிற்று என்று கேட்டபோது, அந்தத் தகப்பனுடைய விசுவாசம் குறைவு என்று அவர் சொல்லவில்லை. ஜெபத்தைப் பற்றித்தான் சொன்னார், அதையும் ஊழியம் செய்யப்போனவர்களிடம் சொன்னார். படுக்கையில் இருக்கிறவரிடம் "உங்களுக்கு விசுவாசம் போதாது" என்று சொல்லிவிட்டு எழுந்துபோகிற ஜெபக்குழுக்கள் இந்த வசனத்தை ஒரு முறையாவது நின்று வாசிக்கவேண்டும் என்று எனக்கு உண்மையாகவே ஆதங்கம் உண்டு.

நாசரேத்தைக் காட்டிக் கேட்பீர்கள். அங்கே அவிசுவாசத்தால் அற்புதம் நடக்கவில்லையே என்று. மாற்கு 6-ஐப் பாருங்கள். "இவன் தச்சன் அல்லவா, இவன் சகோதரிகள் இங்கே இருக்கிறார்கள் அல்லவா" என்று இடறிப்போய், அவரை ஏற்றுக்கொள்ளாத ஊர் அது. அங்கேயும் சில நோயாளிகள்மேல் கைகளை வைத்துக் குணமாக்கினார் என்று அதே வசனம் சொல்கிறது. நீங்கள் அவரை ஒதுக்கித் தள்ளுகிறவர் இல்லை. அவரிடம் வந்து அழுகிறவர்.

ரிப்போர்ட்டைப் பார்க்காதே என்பதைப் பற்றி. தன் வயதைப் பார்க்காமல் வாக்கை நம்பினவர் என்று ஆபிரகாமைத்தான் இதற்கு உதாரணமாகக் காட்டுவார்கள். ஆதியாகமம் 17-ல் அவரே முகங்குப்புற விழுந்து சிரித்து, நூறு வயதானவனுக்குப் பிள்ளை பிறக்குமோ, தொண்ணூறு வயதான சாராள் பெறுவாளோ என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார். வயதை அவர் மறக்கவில்லை. அந்த வயதுதான் முடிவு சொல்லும் என்று மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. எசேக்கியா ராஜா மரணப்படுக்கையில் அழுது ஜெபித்தபோது பதினைந்து வருஷம் கூட்டிக் கொடுக்கிறேன் என்று வாக்கு வந்தது. அந்த வாக்கைச் சொன்ன ஏசாயாவே அத்திப்பழத்து அடையைக் கொண்டுவரச் சொல்லி, அதைப் பிளவையின்மேல் போடவைத்தார். வாக்குத்தத்தமும் மருந்தும் ஒரே நாளில், ஒரே தீர்க்கதரிசியின் வழியாக. ஆசா ராஜா பரிகாரிகளைத் தேடினான் என்று எதிர்வசனம் காட்டுவார்கள். அங்கே குற்றம் வைத்தியரைத் தேடியது அல்ல, கர்த்தரைத் தேடாமல் அவர்களையே தேடியது. அதே அதிகாரத்தில் முன்னால் வாசித்தால், யுத்தத்திலும் அவன் கர்த்தரை விட்டுவிட்டு சீரியா ராஜாவுக்குப் பணம் அனுப்பினவன் என்று தெரியும். ஆகவே தயவுசெய்து ஒரு கீமோவையும் தவறவிடாதீர்கள். மாத்திரையை நிறுத்தி விசுவாசத்தை நிரூபிக்கச் சொல்லும் யாருடைய பேச்சையும் கேட்காதீர்கள். பிசாசு இயேசுவைத் தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதிக்கச் சொன்னபோது வசனத்தை வைத்துத்தான் சொன்னான். தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக என்று இயேசு மறுத்துவிட்டார்.

இனி, நீங்கள் எழுதாமல் விட்ட கேள்வி. ஒருவேளை குணமாகாவிட்டால்?

அப்போது அது உங்கள் விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், பவுலை நினைத்துக்கொள்ளுங்கள். தன் மாம்சத்தில் முள்ளாய்க் குத்திக்கொண்டிருந்த ஒரு வேதனை நீங்கவேண்டும் என்று மூன்றுதரம் வேண்டிக்கொண்டவர் அவர். "என் கிருபை உனக்குப் போதும்" என்பதுதான் கிடைத்த பதில், முள் இருந்தபடியே இருந்தது. தன் கூட்டாளி துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன் என்று 2 தீமோத்தேயு 4-ல் சாதாரணமாக எழுதுகிறார். பவுலுக்கு விசுவாசம் போதவில்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள். தானியேல் 3-ல், நேபுகாத்நேச்சார் ராஜா நிறுத்திய பொற்சிலையை வணங்க மறுத்து எரிகிற சூளையின் முன் நின்ற மூன்று வாலிபர்கள் இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார்கள்: எங்கள் தேவன் தப்புவிக்க வல்லவர், விடுவிக்காமற்போனாலும் நாங்கள் பொற்சிலையைப் பணிவதில்லை. முதல் பாதியை மட்டும் சொல்கிற விசுவாசத்தைத்தான் நம் மேடைகளில் அதிகம் கேட்கிறோம். இரண்டாம் பாதியைச் சேர்த்துச் சொன்னால் அறிக்கை பலவீனமாகிவிடும் என்று பயப்படுகிறார்கள். நேபுகாத்நேச்சாருக்கு முன்னால் நின்றவர்களுக்கு அந்தப் பயம் இல்லை. தேவனுடைய வல்லமையை நம்புவது என்றால் அவர் எதைச் செய்வார் என்று நாமே முடிவு செய்து அவர் கையில் எழுதிக் கொடுப்பது அல்ல. பிரதானி ஒரு வழியைத் தவிர மற்றதையெல்லாம் அடைத்தான். இந்தப் பதிலைத் தவிர வேறு பதில் வரக்கூடாது என்று அடம்பிடிப்பதும் அதே மாதிரி அடைப்புத்தான். அம்மா குணமாகவேண்டும் என்று தைரியமாக, திரும்பத் திரும்பக் கேளுங்கள். அது உங்கள் உரிமை. பதிலை அவர் கையில் விடுங்கள்.

அடுத்த ஸ்கேனுக்குப் போகிற அன்று காலையில், பயமில்லை என்று நடிக்காதீர்கள். "எனக்குப் பயமாக இருக்கிறது ஆண்டவரே" என்று வாய்விட்டு அவரிடமே சொல்லுங்கள். சங்கீதம் 56-ல் தாவீது "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்" என்கிறார். பயமும் நம்பிக்கையும் அவருக்கு ஒரே நாளில்தான் இருந்தன. முடிந்தால் அந்த ஒரு வசனத்தை அம்மாவோடு சேர்ந்து சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

இதையெல்லாம் தனியாகத் தூக்கவும் வேண்டாம். நீங்கள் மேற்கோள் காட்டிய யாக்கோபே ஐந்தாம் அதிகாரத்தில், வியாதிப்பட்டவன் சபையின் மூப்பர்களை வரவழைக்கட்டும், அவர்கள் எண்ணெய் பூசி ஜெபம்பண்ணட்டும் என்கிறார். ஜெபிக்கிற வேலையை அங்கே மூப்பர்களிடம்தான் கொடுத்திருக்கிறார். கப்பர்நகூமில் கூரையைப் பிரித்து நாலுபேர் ஒரு திமிர்வாதக்காரனை இறக்கியபோதும், இயேசு அவர்கள் விசுவாசத்தைக் கண்டார் என்றுதான் எழுதியிருக்கிறது. ஆகவே இந்த வாரமே உங்கள் போதகரிடம் போய், அம்மாவை வந்து பார்த்து ஜெபிக்கச் சொல்லிக் கேளுங்கள். வருகிறவர்களில் யாராவது அம்மாவின் விசுவாசத்தை அளக்க ஆரம்பித்தால், ஜெபம் மட்டும் போதும் ஐயா என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். அம்மாவை ஓய்வெடுக்க விடுங்கள்.